டன்: ஏ.சி.யில் எதை நிறுக்கிறோம்?

ஏ.சி. வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு டன்னா, ஒன்றரையா?" என் மாமியார் பதறிப்போய், "ஒன்றரை டன்னைச் சுவர் தாங்குமா?" என்றார். சிரித்தோம், ஆனால் கேட்டது நியாயம்தான். டன் என்றதும் நம் மனதில் வருவது மணல் லோடும் கரும்பு லோடும். ஏ.சி.யின் வெளிப்பெட்டியையோ இரண்டு பேர் மாடிக்குத் தூக்கிவிடுகிறார்கள். அப்புறம் அதில் டன் எங்கே இருக்கிறது?

ஐஸில் இருக்கிறது. குளிரூட்டும் இயந்திரங்கள் பரவும் முன்பு, அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து ஐஸ் விற்றார்கள். அது மரத்தூளுக்குள் பொதிந்து கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. மெரினா எதிரே உள்ள ஐஸ் ஹவுஸ், அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லம், பாஸ்டன் வணிகர் ஃபிரெடரிக் டூடரின் ஐஸை வைக்க 1842இல் கட்டியதுதான். பிறகு இயந்திரம் வந்தபோது, அது எத்தனை டன் ஐஸின் வேலையைச் செய்கிறது என்றே அளந்தார்கள். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகி முடிக்க எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் வெளியேற்றுவது ஒரு டன் ஏ.சி. இந்த டன் 2,000 பவுண்டு, சுமார் 907 கிலோ. நம் 1,000 கிலோ மெட்ரிக் டன் அல்ல. கணக்குப் போட்டால் மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு), சுமார் 3,517 வாட். இது வெளியேறும் வெப்பத்தின் அளவு. மின்சாரச் செலவு இதைவிட மிகக் குறைவு.

டன் என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் எடையைக் குறிக்கவில்லை. அது ஒரு பெரிய பீப்பாயின் பெயர். பீப்பாய் எடையாகி, எடை ஐஸாகி, ஐஸ் வெப்பமாகிவிட்டது!

சரி, தமிழில் என்ன சொல்வது? டகரம் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்பதால் 'தொன்' என்று எழுதலாம். இலங்கைத் தமிழர் எடைக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். ஏ.சி.க்கு அது போதாது என்பது என் எண்ணம். இங்கே எடையே இல்லாதபோது எடைச்சொல்லைத் தமிழாக்கி என்ன பயன்? அளக்கப்படுவது 'குளிரூட்டுதிறன்'. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எண்ணை வாட்டில் சொன்னால், பாதிக் குழப்பம் தீரும்.

வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு டன், 150 சதுர அடியைத் தாண்டினால் ஒன்றரை என்பது பொதுவான கைக்கணக்கு. அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தாலோ, மேற்குச் சுவரில் வெயில் அடித்தாலோ ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று சின்ன அறைக்கு இரண்டு டன் வாங்குவது தப்பு. அது சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் உடம்பு குளிர்ந்தும் பிசுபிசுக்கும்.

கடையில் இன்னொன்றையும் பாருங்கள். ஒன்றரை டன் என்றால் கணக்குப்படி 5,275 வாட் வர வேண்டும். நட்சத்திர லேபிளில் குளிரூட்டுதிறன் வாட்டில் அச்சிட்டிருக்கும். 'ஒன்றரை டன்' என்றே விற்கும் சிலவற்றில் அது 5,000க்கும் கீழே இருக்கும்.