நிழல் முதலில், கிரீம் அப்புறம்

வெயில் காலம் தொடங்கியதும் என்னிடம் வரும் பெற்றோர் பலரும் கேட்பது, "டாக்டர், குழந்தைக்கு எந்த சன்ஸ்கிரீன் நல்லது?" என்றுதான். பதில் சொல்லும் முன் குழந்தையின் வயதைக் கேட்பேன்.

6 மாதம் நிரம்பாத குழந்தைக்கு நிழல்தான் மருந்து. அந்த வயதில் தோல் மிக மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம், அதனால் பூசுவது உடலுக்குள் போகும் அளவும் கூடும். வியர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் அவ்வளவாக வராது. வெயில் படக்கூடாதென்று சிலர் தள்ளுவண்டியைத் துணியால் மூடிவிடுகிறார்கள். இதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். குழந்தை தூங்குகிறது என்று நாம் நினைத்திருப்போம், அது துவண்டு கிடக்கும். வண்டியின் கூரையும் ஒரு குடையும் போதும். இந்த வயதில் தனியாகத் தண்ணீர் தர வேண்டாம், பாலை அடிக்கடி கொடுங்கள். 1 வயதுக்குள் வெயிலில் தோல் கன்றிச் சிவந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

6 மாதத்துக்குப் பிறகு, துணியும் தொப்பியும் மறைக்காத இடங்களில் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் திறனைக் காட்டும் எண்) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் பூசலாம். துத்தநாக ஆக்சைடு உள்ளது மென்மையான தோலுக்கு ஏற்றது.

ஓடி விளையாடும் வயதில், காலையில் ஒருமுறை பூசியது மாலை வரை தாங்காது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீந்திய பிறகும் வியர்த்த பிறகும் திரும்பப் பூச வேண்டும். காது, பின்கழுத்து, பாதத்தின் மேல்பகுதி எல்லாம் விட்டுப்போகும் இடங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் புற ஊதாக் கதிர்கள் வரும். "உன் நிழல் உன் உயரத்தைவிடக் குட்டையா? அப்போது வெயில் கடுமை, உள்ளே வா" என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் இதை விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள்.

சரி, வளர்ந்த பிள்ளைகள்? மைதானத்தில் ஒரு பகல் நின்றதற்கே முகம் கொப்பளித்து ஒரு பையன் வந்தான். கறுத்த தோல்தானே என்று வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. கறுத்த தோலும் கன்றும். அவன் முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த மாத்திரையும், ஐசோட்ரெட்டினாயின் போன்ற வேறு பரு மருந்துகளும் தோலை வெயிலில் எளிதில் கன்றவைக்கும். அதை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இப்போதெல்லாம் பரு மருந்து எழுதும்போது, விளையாட்டுப் பயிற்சி எத்தனை மணிக்கு என்றும் கேட்டுவிடுகிறேன்.