பாக்டீரியா பூச்சிக்கொல்லி: வாங்கும் விவசாயிக்குச் சட்டம் தரும் உரிமைகள்

நெல்லின் இலைச் சுருட்டுப் புழுவுக்கும் காய்கறிகளைத் தின்னும் புழுக்களுக்கும் குமரி மாவட்ட விவசாயிகள் பயன்படுத்தக்கூடிய பாக்டீரியா மருந்து, பி.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஆகும். ‘இயற்கை மருந்து’ என்ற பெயரில் விற்கப்பட்டாலும், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் இதற்கும் பொருந்தும். மத்திய பதிவுக் குழுவின் பதிவு இல்லாமல் இதைத் தயாரிக்கவோ, உரிமம் இல்லாமல் விற்கவோ கூடாது.

ஆகவே கடைக்காரரிடம் பில் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. சிப்பத்தின் மீது பதிவு எண், தொகுதி எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். எந்தப் பயிரில் எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு, எப்படித் தெளிப்பது என்று விளக்கும் துண்டுப் பிரசுரமும் உள்ளே இருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி அது இந்தி, ஆங்கிலத்துடன் அந்தந்த வட்டார மொழியிலும் அச்சிடப்பட வேண்டும் என்பதால், தமிழில் இல்லாத பிரசுரத்தைக் கண்டால் கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம்.

இவற்றுள் காலாவதி நாளையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த பாக்டீரியா உருவாக்கும் புரதப் படிகங்கள் புழுவின் வயிற்றிலுள்ள காரத்தன்மையில் கரைந்து குடலைச் சிதைப்பதால், புழு சில மணி நேரத்தில் தீனியை நிறுத்தி, சில நாட்களில் சாகிறது. வெயிலில் கிடந்த பழைய சரக்கில் இந்த வீரியம் குறைந்துவிடும். தெளித்த பிறகும் புற ஊதாக் கதிர்களால் சிதைவதால் மாலை நேரமே ஏற்றது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில் மழை கழுவிச் செல்லாத நாளாகவும் பார்க்க வேண்டும்.

புழு இலையைத் தின்றால்தான் மருந்து வேலை செய்யும். எனவே சாறு உறிஞ்சும் அசுவினிக்கும், தென்னையின் காண்டாமிருக வண்டுக்கும் புழுக்களுக்கான பி.டி. ரகத்தை யாரேனும் பரிந்துரைத்தால், பிரசுரத்தில் அப்பூச்சியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சூடோமோனாஸை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது வேறு பாக்டீரியா. அது பெரும்பாலும் பயிர் நோய்களுக்கே பயன்படுகிறது.

தரத்தில் ஐயம் ஏற்பட்டால், பில்லையும் மீதமுள்ள சிப்பத்தையும் பத்திரப்படுத்தி, உங்கள் வட்டாரத்தின் வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். அரசு நியமித்த பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்குக் கடையில் சோதனையிடவும், மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் சட்டம் அதிகாரம் தருகிறது.