கடையில் ‘இல்லை’ என்று சொன்னதை எழுதி வைக்கிறீர்களா?

இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய நகரங்களில் பலசரக்குக் கடை, புடவைக்கடை, இரும்புக்கடை எனச் சிறு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கும் தொழிலில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஆண்டு முடிவில் கணக்கை ஒப்படைக்கும்போது முதலாளிமார் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “வியாபாரத்தைக் கூட்டுவதற்கு என்ன செய்யலாம்?” அதற்கான விடை நான் எழுதிக் கொடுக்கும் கணக்கில் இருப்பதில்லை. வாங்கிய சாமான், விற்ற சாமான், மிச்சமிருக்கும் சாமான், வரவேண்டிய கடன், கொடுக்கவேண்டிய கடன் எல்லாம் அதில் இருக்கும். ஆள் கேட்டு வந்து, “இல்லை” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போன சாமான் மட்டும் இருக்காது. அதை அறிந்தவர் வாடிக்கையாளருக்கு முன்னால் நின்று அந்தப் பதிலைச் சொன்ன ஊழியர் ஒருவர்தான். அவர் அறிந்ததை முதலாளியிடம் வந்து சொல்கிறாரா, சொல்லாமல் இருக்கிறாரா என்பதை வைத்தே ஒரு கடையின் விற்பனை, வாடிக்கையாளர் சேவை, ஊழியர்களுக்கிடையேயான ஒற்றுமை ஆகிய மூன்றையும் என்னால் ஓரளவு கணிக்க முடிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இரும்புக்கடையில் இருப்பு எடுக்கச் சென்றிருந்தேன். மண்வெட்டி, கத்தி, கவ்வாத்துக் கத்தி, வாளி, பொலித்தீன் விரிப்பு ஆகியவற்றோடு ரப்பர் பூட்ஸும் அங்கே விற்றார்கள். நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த அரை மணி நேரத்துக்குள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள், ஒருவர் பின் ஒருவராக, தங்கள் காலுக்கு ஏற்ற பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். கடையில் 8, 9ஆம் இலக்கங்கள்தான் இருந்தன. “சின்ன சைஸ் இல்லீங்கக்கா” என்று மேசைக்குப் பின்னால் நின்ற பெண்பிள்ளை இருவருக்கும் ஒரே குரலில் சொன்னாள். மழைக்காலத்தில் கொழுந்து மலையில் அட்டைக்கடி எவ்வளவு என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இப்படிக் கேட்டு வருகிறவர்கள் அதிகமா என்று அவளிடம் கேட்டேன். “வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் வருவாங்க சார், நான் வந்த நாளிலிருந்தே கேட்குறாங்க” என்றாள். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்குத் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னாள்: சேர்ந்த புதிதில் வேறொரு சாமானைப் பற்றிச் சொல்லப்போக, “உனக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும், சொன்ன வேலையைப் பார்” என்று பதில் வந்ததாம். அதற்குப் பிறகு அவள் சொன்ன வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முதலாளி கெட்டவர் அல்லர். வரி, வங்கித் தவணை, கொழும்பிலிருந்து வரும் லொறி என்று பத்துக் கவலைகளுக்கு நடுவில் ஒருநாள் வாய் தவறிச் சொன்ன வார்த்தை அது. அவருக்கு நினைவிலும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை ஒன்றரை ஆண்டு விற்பனையைத் தடுத்து வைத்திருந்தது. அன்று அவரிடம் ஒரு 80 பக்கக் கொப்பியை வாங்கி மேசையில் வைக்கச் சொன்னேன். கேட்டு வந்த சாமான், அளவு, திகதி, கேட்டவர் பழக்கமானவராக இருந்தால் எந்தத் தோட்டம் என்பது, இவ்வளவுதான் எழுத வேண்டும் என்றும், எழுதியதற்காக யாரையும் ஏசக்கூடாது என்றும் சொன்னேன். முதல் மாதத்தில் 43 பதிவுகள் இருந்தன. அவற்றில் 9 சிறிய அளவு பூட்ஸ். அடுத்த லொறியில் 4, 5ஆம் இலக்கங்களில் 12 சோடி எடுப்பித்தார். ஐந்து வாரத்தில் அவ்வளவும் விற்றுத் தீர்ந்தன.

கேட்டதையெல்லாம் வாங்கி அடுக்கச் சொல்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு கடையின் கைமுதல் சிறியது, ஓடாத சாமானில் முடங்கும் பணம் நாளைக்குப் பருப்பு வாங்க உதவாது. ஒருவர் ஒருமுறை கேட்டால் எழுதினால் போதும். வெவ்வேறு ஆட்கள் மூவர் நால்வர் கேட்டால் குறைந்த அளவில் எடுத்துப் பார்க்கலாம். இந்தக் கொப்பியின் உண்மையான பெறுமதி இரண்டாவது ஆண்டில்தான் தெரியவரும். டிசம்பர் பௌர்ணமி தொடக்கம் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம் நடக்கும் எங்கள் பகுதியில், ஹட்டன் மஸ்கெலியா வீதியோரக் கடைக்காரர் சென்ற ஆண்டு யாத்திரிகர்கள் எதைக் கேட்டு ஏமாந்து போனார்கள் என்பதை நவம்பரில் புரட்டிப் பார்க்க முடிந்தால், கொள்முதலுக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை.

விற்பனை குறைந்தால் பலரும் முதலில் கை வைப்பது விலையில்தான். எதிர்க்கடை ஐந்து சதவீதம் கழிவு கொடுக்கிறது, நாமும் கொடுப்போம் என்கிறார்கள். 100 ரூபாய்க்கு வாங்கி 110 ரூபாய்க்கு விற்கும் சாமானில் ஐந்து சதவீதம் என்பது 5.50 ரூபாய், கிடைக்கும் 10 ரூபாய் இலாபத்தில் 4.50 ரூபாய்தான் மிஞ்சும். பழைய இலாபத்தைத் தொடுவதற்கே இரண்டு மடங்குக்கு மேல் விற்க வேண்டும். பலசரக்கில் பல சாமான்களுக்கு அந்தப் பத்து ரூபாய்கூட இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகு விலைக்கழிவு அட்டையைக் கழற்றிய கடைகள் உண்டு. ஒரு வாடிக்கையாளரை இழக்காமல் வைத்திருப்பது இதைவிட மிகவும் மலிவானது. ஆனால் அதற்கு ஊழியரிடம் சிறிது அதிகாரம் இருக்க வேண்டும்.

இதை நான் கண்ணால் பார்த்தது ஒரு பலசரக்குக் கடையில், ஒரு மாலை நேரத்தில். கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்தவர் போலும், தலைத்துணி இன்னும் ஈரமாக இருந்த ஒரு பெண், இரண்டு கிலோ கோதுமை மாவைப் பையோடு மேசையில் வைத்தார். “தங்கச்சி, இந்த மாவுல மண்ணெண்ணெ வாடை அடிக்குது. புள்ளைங்க ரொட்டிய வாயில வைக்க மாட்டேங்குதுங்க.” மேசையில் நின்ற ஊழியர் பையை முகர்ந்து பார்த்தார், அவருக்கும் வாடை தெரிந்தது, முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. மண்ணெண்ணெய்ப் பீப்பா மா மூட்டைக்குப் பக்கத்தில் இருந்ததும் அவருக்குத் தெரியும். இருந்தாலும் மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. “இருங்கக்கா, மொதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்” என்றார். முதலாளி தொலைபேசியில் இருந்தார். அந்தப் பெண் நின்றார், வெளியே பார்த்தார், மீண்டும் நின்றார். தோட்டத்துக்குப் போகும் பஸ் ஹோர்ன் அடித்தது. மாவை மேசையிலேயே வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஓடிப்போய் ஏறிவிட்டார்.

அந்தக் குடும்பம் மாதம் 20,000 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வியாபாரம் அந்த பஸ்ஸில் ஏறிப் போனது. தடுத்திருக்கக்கூடிய செலவு சில நூறு ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட சாமானில் குறை இருந்தால், யாரையும் கேட்காமல் அந்த இடத்திலேயே மாற்றிக் கொடுக்கும் அனுமதியை ஊழியருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று நான் எல்லாக் கடைக்காரரிடமும் சொல்கிறேன். ஏமாற்றுகிறவர்கள் வருவார்களே என்று அஞ்சுகிறார்கள். வரலாம், மாற்றிக் கொடுத்ததையும் அதே கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினால், ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவது தானாகத் தெரிந்துவிடும். மூட்டைகளை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் மனத்தை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் நகரங்களின் கடைகளில் காற்சட்டை அணிந்து வருகிறவருக்கு “வாங்க சார்” என்றும், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் கழற்றிவிட்டுத் தோட்டத்திலிருந்து வரும் வயதான தாய்க்கு “என்னா வேணும்” என்றும் வரவேற்பு கிடைப்பதை நான் இன்றும் பார்க்கிறேன். அப்படிப் பேசும் ஊழியர் பல வேளைகளில் அதே தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த பிள்ளை. ஏன் அப்படிப் பேசுகிறார் என்று பார்த்தால், முதலாளி அவரிடம் பேசும் விதத்தையே அவர் வாடிக்கையாளரிடம் திருப்பிப் பேசுகிறார். அம்மா, அக்கா, ஐயா, அண்ணன் என்று அழைப்பதற்குக் காசு செலவாவதில்லை. ஆனால் “ஏய்” என்று அழைக்கப்படும் பிள்ளையிடமிருந்து அது வருவதில்லை. விலைப்பட்டியலைக் காணக்கூடிய இடத்தில் வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. வாசிக்கத் தெரியாத தாய்க்கு அந்தப் பற்றுச்சீட்டை வரிவரியாகச் சொல்லிக் கூட்டிக் காட்டுவதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அதைச் செய்யும் ஓர் ஊழியர் இருக்கும் கடையைத் தேடி, வேறு கடைகளைத் தாண்டி நடந்து வருகிறவர்களை நான் அறிவேன்.

கடன் விற்பனையைப் பற்றி எழுதாமல் இந்த விடயம் முழுமையாகாது. இதில் நான் பிழையான ஆலோசனை சொல்லியிருக்கிறேன். 2022இல் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்டெம்பர் மாதப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்ட அந்த ஆண்டில், மொத்த வியாபாரிகள் காசைக் கண்டால்தான் மூட்டையை இறக்கினார்கள். நான் கணக்குப் பார்த்த ஒரு கடைக்கு, கடன் கொப்பியை முழுவதுமாக மூடிவிடச் சொன்னேன். கணக்கின்படி அது சரி. ஆனால் மாதச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கையில் வரும் குடும்பங்களுக்கு, மாதத்தின் பின்பாதியில் கடன் இல்லாமல் அடுப்பு எரிவது கடினம் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே மறுக்க முடியாத முதலாளி உள்ளறையில் இருந்துகொண்டு, “முதலாளி இல்லை” என்று ஊழியரைச் சொல்ல வைத்தார். நாள்தோறும் தெரிந்த முகங்களிடம் பொய் சொல்ல நேர்ந்த அந்த இளைஞர் மூன்று மாதத்தில் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போனார். வாடிக்கையாளர்கள் பணம் கிடைத்த நாளிலும் அந்தப் பக்கம் வரவில்லை.

அதன் பிறகு நான் சொல்வது வேறு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எல்லைத் தொகை, அதை அடைக்கும் திகதி, இரண்டு கொப்பிகள். ஒன்று கடையில், ஒன்று வாடிக்கையாளர் கையில், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத்து. எல்லையைத் தாண்டினால் மறுக்கும் பொறுப்பு முதலாளியுடையது, ஊழியருடையது அன்று. அந்த வார்த்தையை அவரே நேரில் வந்து, மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

“பிள்ளைகள் வேலையில் நிற்பதில்லை, பழக்கிவிட்டால் போய்விடுகிறார்கள்” என்ற மனக்குறையை நான் கேட்காத கடை இல்லை. அந்தக் குறையைச் சொல்கிறவரிடம் நான் முதலில் சம்பளப் பட்டியலைத்தான் கேட்பேன். 40,000 ரூபாய் சம்பளம் பெறும் ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 சதவீதம் 4,800 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் 1,200 ரூபாய். ஊழியரின் சம்பளத்திலிருந்து சேமலாப நிதிக்குப் போவது 8 சதவீதம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலைநேரம் வாரத்துக்கு 45 மணி, வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறை. 16 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பதை 2021இலிருந்து சட்டம் அனுமதிப்பதில்லை. மாதம் 6,000 ரூபாயை மிச்சப்படுத்தி, கொழும்புக் கடையில் அது கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளையை இழந்து, புதியவரை மீண்டும் ஆறு மாதம் பழக்குவது எந்தக் கணக்கிலும் இலாபமாக வராது. கல்லாவில் காசு குறைந்தால் அங்கே நிற்கும் எல்லோர் சம்பளத்திலும் சமமாகக் கழிக்கும் வழக்கத்தையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் உதவியாளராகப் பார்க்காமல் திருடராகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு கல்லாவுக்கு ஒரு நேரத்தில் ஒருவர், ஆள் மாறும்போது எண்ணிக் கையொப்பம் என்று வைத்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

கடை திறப்பதற்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து நிற்கும் வழக்கத்தைச் சில கடைகளில் ஏற்படுத்தியிருக்கிறேன். தொழிலாளரைக் கூட்டி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் தோட்டத்துப் பெரட்டைப் போலத்தான் அதுவும் காலையில் நடக்கிறது. ஆனால் பெரட்டில் மேலே இருப்பவர் சொல்ல, கீழே இருப்பவர் கேட்பார். இங்கே முதலில் பேசவேண்டியவர் ஊழியர். நேற்று என்னென்ன இல்லை என்று சொன்னோம், யார் மனக்குறையோடு போனார், எந்தச் சாமான் முடியப்போகிறது என்ற மூன்றையும் கொப்பியைப் பார்த்து அவர் வாசிப்பார். முதலாளி கடைசியில் பேசுவார். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், நடுவில் ஏசிவிட்டால் இரண்டாவது வாரம் வராது. வாசித்த பதிவுக்கு என்ன முடிவு எடுத்தோம் என்பதை முதலாளி தன் கையால் பக்கத்தில் எழுத வேண்டும். ‘எடுக்க முடியாது, முதல் போதாது’ என்ற முடிவானாலும் எழுத வேண்டும். சொன்னது எங்கேயோ போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தால்தான் மறுநாளும் எழுதுவார்கள்.

அந்த இரும்புக்கடையின் கொப்பியை அண்மையில் மீண்டும் பார்த்தேன். அது ஐந்தாவது கொப்பி. பூட்ஸ் கேட்டவர்களுக்குப் பதில் சொன்ன அந்தப் பிள்ளைதான் இப்போது லொறிக்கான சாமான் பட்டியலைத் தயாரிக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ‘சின்னப் பிள்ளைக்கு மழைக்கோட்டு, இருவர் கேட்டனர்’ என்று அவள் எழுதியிருக்க, அதன் பக்கத்தில் முதலாளியின் கையெழுத்தில், ‘ஆறு எடு, வந்ததும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பு’ என்று இருந்தது.