கூமுட்டையா, குஞ்சா? பார்சலில் வரும் மயில் முட்டை

ஒரு முட்டையைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டி, வண்டி மாற்றி வண்டி ஏற்றி, மூன்று நாள் கழித்து வேறு ஊரில் பிரித்து, அதிலிருந்து மயில் குஞ்சு எடுக்க முடியும் என்றால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மயில் வளர்ப்பவர்கள் இதை வழக்கமாகவே செய்கிறார்கள். இணையத்தில் விளம்பரம், அதில் தோகை விரித்து நிற்கும் ஆண் மயிலின் படம், கீழே 'கருவுற்ற முட்டைகள், 6' என்று ஒரு வரி. அந்தக் 'கருவுற்ற' என்ற சொல் எதற்குப் பொறுப்பேற்கிறது, எதற்குப் பொறுப்பேற்கவில்லை என்று தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள்தான் பிறகு விற்றவரோடு சண்டை போடுகிறார்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே இது குற்றம். 1963இல் தேசியப் பறவையான மயில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தச் சட்டம் 'வேட்டை' என்று சொல்வதில் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட அடங்கும். புதரோரம் மயில் முட்டை கண்ணில் பட்டால் அப்படியே விட்டுவிட்டு நகர வேண்டியதுதான். இனி வருவதெல்லாம், வான்கோழியைப் போல மயிலையும் பண்ணைப் பறவையாக வளர்க்க அனுமதிக்கும் நாடுகளின் சமாச்சாரம்.

சரி, கருவுற்ற முட்டை என்றால் என்ன? தமிழில் 'கரு' என்ற சொல்லே கொஞ்சம் குழப்பும். மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் உண்மையில் உணவும் தண்ணீரும்தான். குஞ்சாக மாறப்போவது மஞ்சள் கருவின் மேல் ஒட்டியிருக்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெளிறிய புள்ளி. முட்டையை எப்படிப் புரட்டினாலும் அந்தப் புள்ளி மிதந்து மேல்பக்கம் வந்துவிடும். அதற்கு அடியில் இருக்கும் பகுதி மற்ற மஞ்சள் கருவைவிட லேசானது. உட்காரும் தாயின் சூட்டுக்கு நெருக்கமாக இருக்க இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

பறவைகளில் அதிகம் ஆராயப்பட்டது கோழி. மயிலும் அதே குடும்பம்தான். கோழியின் சூலகத்திலிருந்து மஞ்சள் கரு கழன்று முட்டைக்குழாயின் புனல் வாயில் விழுகிறது. ஏறத்தாழ கால்மணி நேரத்துக்குள் விந்தணு அதை அடைந்தாக வேண்டும். அதற்கு மேல் வெள்ளைக் கரு சுற்றத் தொடங்கி வழியை அடைத்துவிடும். சேவல் அந்த நேரத்தில் அருகில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பெட்டையின் உடலுக்குள் விந்தணுவைச் சேமிக்கும் நுண்குழல்கள் உண்டு. கோழியில் இரண்டு மூன்று வாரம் வரை அதில் சரக்கு இருக்கும், வான்கோழியில் அதைவிட நீண்ட காலம். இதற்கு ஒரு வேடிக்கையான விளைவும் உண்டு. ஆண் மயிலை மாற்றிய உடனே எடுத்த முட்டையில் பழைய ஆணின் குஞ்சு இருக்கக்கூடும். விளம்பரத்தில் நிற்பவர்தான் அப்பா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஓடு கட்டி வெளியே வர ஒரு நாள் ஆகிறது. அந்த ஒரு நாள் முழுக்கத் தாயின் உடற்சூடு கிடைப்பதால் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும். கோழி முட்டை தரையைத் தொடும்போது அந்தப் புள்ளியில் 40,000 முதல் 60,000 செல்கள் இருக்கின்றன. 'இப்போதுதான் இட்ட முட்டை' என்று நாம் சொல்வது ஒரு நாள் வயதான உயிரை.

வெளியே வந்ததும் முட்டை ஆறுகிறது. வெப்பம் ஏறத்தாழ 20, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது. சாகவில்லை, நிற்கிறது. பெட்டை மயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முட்டையிடும். நான்கு முதல் ஏழு முட்டை சேர ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகிவிடும். ஆனால் குஞ்சுகள் பொரித்த கையோடு தாயின் பின்னால் நடக்கிற ஜாதி; எல்லாம் ஒரே சமயத்தில் பொரித்தால்தான் தாய்க்குச் சௌகரியம். அதனால் முதல் முட்டை கடைசி முட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். கடைசி முட்டையும் வந்த பிறகே தாய் முழுநேரம் அடையில் உட்காரும். இயற்கை கூட்டுக்காகச் செய்து வைத்த இந்த நிறுத்தத்தைத்தான் பார்சல் வியாபாரம் இரவல் வாங்கிக்கொள்கிறது.

இரவல் வாங்கியதற்குக் கெடு உண்டு. பொரிப்பகங்களில் முட்டையை 13 முதல் 16 டிகிரியில், நல்ல ஈரப்பதத்தில் வைப்பார்கள். அப்படி வைத்தாலும் ஒரு வாரம் தாண்டினால் பொரிக்கும் வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறுவதால் வெள்ளைக் கரு காரத்தன்மை ஏறி நீர்த்துப்போகிறது, மஞ்சள் கருவைச் சுற்றிய மெல்லிய சவ்வு தளர்கிறது, உறங்கும் செல்களிலும் சில இறந்துகொண்டே இருக்கின்றன. விற்பவர் ஐந்து நாள் சேர்த்துவைத்து அனுப்பி, வழியில் நான்கு நாள் ஆனால் கெடு முடிந்தாயிற்று. 'முட்டை எந்தத் தேதியில் இட்டது?' என்பதுதான் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்பேன். விலை பிறகு.

குளிரைவிட அரைச்சூடு மோசம். பூட்டிய வண்டிக்குள் 28, 30 டிகிரி வெயிலில் கிடக்கும் முட்டை உறங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை. சில செல்கள் வளரும், சில பின்தங்கும். இப்படித் தாறுமாறாகத் தொடங்கி மறுபடி நின்ற கரு, பிறகு சரியான சூடு கிடைத்தாலும் முதல் வாரத்திலேயே போய்விடுவது சகஜம்.

அடுத்தது குலுக்கல். முட்டையின் மழுங்கிய முனையில் ஒரு காற்றறை இருப்பதை அவித்த முட்டை உரித்த எல்லோரும் பார்த்திருப்போம். ஓட்டுக்கு உள்ளே இரண்டு சவ்வுகள் ஒட்டியிருக்கின்றன. இட்ட முட்டை ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்க, வெளிக்காற்று துளை வழியே நுழைந்து அந்த இரண்டு சவ்வையும் அந்த முனையில் மட்டும் பிரித்து ஓர் இடைவெளி உண்டாக்குகிறது. பார்சல் தொப்பென்று விழும்போது இந்தப் பிரிவு பக்கவாட்டில் கிழிந்துகொண்டே போகும். காற்றறை குதிரைச் சேணம் மாதிரி ஒரு பக்கம் தொங்கும். உள்சவ்வே கிழிந்தால் காற்று, ரசமட்டக் குமிழி போல முட்டைக்குள் அலையும். வெளியே ஓட்டில் ஒரு கீறல்கூட இருக்காது.

இதன் பலன் பெரும்பாலும் உடனே தெரிவதில்லை, அதுதான் கொடுமை. மயில் முட்டைக்கு அடைகாலம் 28 நாள். கடைசியில், ஏறத்தாழ 26ஆம் நாள், குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் முதலில் உள்சவ்வைக் கிழித்து அலகைக் காற்றறைக்குள் நீட்டும். அதுவரை ஓட்டை ஒட்டிப் படர்ந்த ரத்தக் குழாய்கள் வழியே ஆக்சிஜன் எடுத்த பிராணி, அந்த நிமிடம்தான் நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. காற்றறை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் அலகு ஈரத்தில் முட்டும். முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகும். நாலு வாரத்துக்கு முன் எங்கோ ஒரு கிடங்கில் விழுந்த அடியின் விலை அது. குற்றவாளியைத் தேடி இன்குபேட்டரின் ஈரப்பத முள்ளைத் திட்டுகிறவர்களே அதிகம்.

அதனால்தான் நன்றாகக் கட்டத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியாகச் சுற்றி, கூர்முனை கீழாக நிறுத்தி அனுப்புகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் அடையில் வைக்க அவசரப்படக் கூடாது. அதே கூர்முனை கீழாக ஒரு நாள் அறை வெப்பத்தில் நிறுத்திவைத்தால் லேசாகத் தளர்ந்த காற்றறை ஓரளவு படியும். விளக்கில் பார்த்து அப்போதும் ஆடினால், அடை வைத்த முதல் சில நாள் புரட்டாமல் நிமிர்ந்தபடியே விடுவதுண்டு. அப்புறம் முட்டையைக் கழுவுவது. தயவுசெய்து வேண்டாம். ஓட்டின் மேல் பூசினாற்போல் இருக்கும் மெல்லிய படலம் கிருமிகளை உள்ளே விடாத கதவு. கழுவினால் அதுதான் முதலில் போகும்.

அடையைப் பற்றிச் சுருக்கமாக: விசிறியுள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி, கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் பலமுறை புரட்டல், கடைசி மூன்று நாள் புரட்டலை நிறுத்தி ஈரப்பதத்தை ஏற்றுதல். ஈரப்பதத்துக்கு நல்ல அளவுகோல் எடைத் தராசுதான். சுமார் 100 கிராம் முட்டை, குஞ்சு ஓட்டைக் கொத்தும் சமயத்தில் 13 முதல் 15 கிராம் நீரை இழந்திருக்க வேண்டும். அந்த நீர் போன இடத்தில்தான் காற்றறை விரிகிறது. குறைவாக இழந்தால் காற்று போதாது. அதிகம் இழந்தால் சவ்வு உலர்ந்து குஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஏழு முதல் பத்து நாளில் இருட்டறையில் விளக்கின் மேல் வைத்துப் பார்த்தால் சிலந்தி வலைபோல் ரத்த நாளம் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் 'கூமுட்டை' என்று சொல்லிவிடுகிறோம். இங்கேதான் சண்டை ஆரம்பம். தெளிவான முட்டை எல்லாம் கருவுறாத முட்டை அல்ல. ரத்தம் உண்டாகும் முன்பே, வழியிலேயே இறந்த கருவும் விளக்கில் அப்படித்தான் தெரியும். உடைத்துப் பார்ப்பதுதான் வழி. கருவுறாத முட்டையில் அந்தப் புள்ளி சிறியதாக, ஒழுங்கற்று, அடர்வெள்ளையாக இருக்கும். கருவுற்றதில் நடுவே வெளிறிய, ஓரம் வட்டமான வளையமாகத் தெரியும். நாளாக ஆக இந்த வித்தியாசம் மங்கும் என்பதால் பத்து நாள் தாண்டிப் பார்த்தால் தேர்ந்த கண்ணுக்கே தடுமாற்றம் வரும். வளையம் இருந்தால் விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதை கொன்றிருக்கிறது.

நேர்மையான விற்பனையாளர் அதே வாரத்து முட்டையில் இரண்டை உடைத்துப் பார்ப்பார், அல்லது தன் இன்குபேட்டரில் வைத்த முட்டைகளின் கணக்கைச் சொல்வார். பருவமும் முக்கியம். வட நாடுகளில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும் காலம். ஆண் தோகை உதிர்க்கத் தொடங்கினால் இணைசேரும் ஆர்வமும் இறங்குமுகம். கடைசி முட்டைகளில் கூமுட்டை கூடும். ஆணுக்கு முழுத் தோகை வருவதே மூன்றாம் வயதில்தான் என்பதால் அப்பாவின் வயதையும் கேட்கலாம்.

நிறம் இன்னொரு பொறி. வெள்ளை மயில் அல்பினோ (உடலில் நிறமியே இல்லாத பிறவி) அல்ல, கண்ணில் நிறம் உண்டு. அந்த வெண்மைக்கான மரபணு இரண்டு பக்கமும் வந்தால்தான் குஞ்சு முழு வெள்ளை. வெள்ளை ஆணையும் நீலப் பெட்டையையும் சேர்த்தால் வருவது எல்லாம் ஏறத்தாழ நீலமே. அப்படி வந்த இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று வெள்ளை. ஆறு முட்டையில் மூன்று பொரித்தால், மூன்றில் ஒன்றாவது வெள்ளையாக இருக்க 64க்கு 37 வாய்ப்பு.

ஆறில் மூன்று என்று சும்மா சொல்லவில்லை. பார்சல் முட்டையில் பாதி பொரித்தாலே நல்ல கணக்கு என்பதுதான் வளர்ப்பவர்கள் நடுவில் பேச்சு. பாதி என்றால் ஆறும் வீணாக 64இல் ஒரு வாய்ப்புதான் என்று புத்தகக் கணக்கு சொல்லும். ஆனால் அது ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாக நாணயம் சுண்டுவதாக நினைத்துப் போட்ட கணக்கு. ஆறும் ஒரே பெட்டியில்தான் விழுந்தன, ஒரே வெயிலில்தான் காய்ந்தன. நிஜத்தில் 'எல்லாம் வந்தது' அல்லது 'ஒன்றும் வரவில்லை' என்பது கணக்கு சொல்வதைவிட அடிக்கடி நடக்கும்.

வளர்ந்த மயிலை வாங்குவதைவிட முட்டையில் ஒரு லாபம் உண்டு. மயிலின் ஈரலைத் தின்னும் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, குடற்புழுவின் முட்டை வழியாகப் பரவுவது. மயில் முட்டைக்குள் அது பயணிப்பதில்லை. மைக்கோபிளாஸ்மா போன்ற சில கிருமிகள் தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே வரும் என்பதால் பரிசோதித்த பண்ணையா என்று கேட்பது நல்லது. அடைக்கோழியின் அடியில் வைத்துப் பொரிக்க வைப்பவர்கள் கவனிக்க: கோழி 28 நாளும் பொறுமையாக உட்காரும், ஆனால் அந்தக் குடற்புழுவைக் குஞ்சுகளுக்குக் கொடுக்கப் போவதும் அதே வளர்ப்புத் தாய்தான்.

பொரித்த குஞ்சு ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வெள்ளை மயிலின் குஞ்சுகூட மஞ்சளாகத்தான் வரும். சில நாள் வயதிலேயே குட்டி வாலை விசிறிபோல் விரித்து நிற்கும், பார்க்கச் சிரிப்பு வரும். அதை ஆணும் செய்யும், பெண்ணும் செய்யும். தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் உடைந்த ஓட்டைக் குப்பையில் போடாமல் எடுத்து வைக்கிறார்கள். உட்சவ்வில் உலர்ந்திருக்கும் ரத்தக் கோட்டிலேயே டி.என்.ஏ. சோதனைக்குப் போதுமான செல்கள் இருக்கின்றன.