அந்த விளக்குக்கு என்ன தெரியும்?

அணுமின் நிலைய ஆபரேட்டர்களுக்குச் சிமுலேட்டரில் பயிற்சி தருவது என் வேலை. சுவர் முழுக்க மீட்டரும் சுவிட்சுமாக இருந்த பழைய கட்டுப்பாட்டு அறைகளிலும் சரி, எல்லாமே கணினித் திரைக்குள் போய்விட்ட இன்றைய அறைகளிலும் சரி, ஒரு தவறு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கை தவறி வேறு பொத்தானை அழுத்துவதைச் சொல்லவில்லை. அது பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். நிலையத்துக்கு என்ன நோய் என்பதையே தப்பாகக் கணித்துவிட்டு, அந்த இல்லாத நோய்க்கு வைத்தியத்தை ரொம்பப் பொறுப்பாகச் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன்.

1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் திரீ மைல் ஐலண்ட், இரண்டாவது யூனிட். நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் தரும் பம்புகள் நின்றன, டர்பைன் நின்றது, அழுத்தம் ஏறி, பிரஷரைசரின் (ரியாக்டர் தண்ணீரின் அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் தொட்டி) தலைமாட்டில் இருக்கும், மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்தது, சில விநாடிகளில் ரியாக்டரும் தானாகவே நின்றுவிட்டது. அழுத்தம் இறங்கியதும் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆனால் பேனலில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது, விளக்கு அணைந்தால் வால்வு மூடியாயிற்று என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு போயாயிற்று என்பது மட்டும்தான். வால்வு மூடிக்கொண்டதா என்று பார்க்க அதற்கு வழியே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. திறந்த வால்வு வழியாகத் தண்ணீர் வெளியேற, அழுத்தம் குறைந்து ரியாக்டருக்குள் நீராவிக் குமிழ்கள் உண்டாகி, அவை தண்ணீரைப் பிரஷரைசருக்குள் தள்ள, அங்கே மட்டம் ஏறியது. பிரஷரைசர் நிரம்பிவிடக் கூடாது என்றுதான் அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆகவே தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசரக் குளிர்விப்பு நீரைக் குறைத்துவிட்டார்கள். முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் அடித்தன. வால்வுக்குப் பின்னால் உள்ள குழாய் கொதித்தது. அந்த வால்வு ஏற்கெனவே லேசாகக் கசிந்துகொண்டிருந்ததால், இதுவும் அதுதான் என்று ஒதுக்கிவிட்டார்கள். 6:22 மணிக்கு, அடுத்த ஷிப்டுக்கு வந்த ஒருவர் சந்தேகப்பட்டு அந்த வழியை அடைக்கச் சொன்னார். அப்படியும் எரிபொருளில் கிட்டத்தட்ட பாதி உருகிப்போனது.

1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்திலும் இதே மாதிரி வால்வு திறந்தே நின்றது, அங்கேயும் அவசர நீரைக் குறைத்தார்கள். குறைந்த பவரில் ஓடிக்கொண்டிருந்ததாலும், சுமார் 20 நிமிடங்களில் கண்டுபிடித்ததாலும் தப்பித்தார்கள். அந்தப் பாடம் திரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, இப்போதுதான் டிஜிட்டல் ஆகிவிட்டதே, அலாரங்களைக் கணினியே வடிகட்டித் தருகிறதே என்று கேட்பீர்கள். நிறைய நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திரை ஒரு சாவித்துவாரம் மாதிரி. ஆயிரக்கணக்கான அளவுகளில் ஒரு சமயத்தில் ஒரு பக்கம்தான் கண்ணில் படும், எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதை மனதில் ஏற்கெனவே இருக்கும் கணிப்புதான் முடிவு செய்யும். ஒருமுறை, அதே கசிவைக் கொஞ்சம் மாற்றி ஒரு குழுவுக்குக் கொடுத்தேன். மூத்த ஆபரேட்டர் முதல் நிமிடத்திலேயே "லெவல் மீட்டர் கோளாறு" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மூன்று பேரும் மாறி மாறித் திறந்தது லெவல் மீட்டர் பக்கங்களையே. குழாய் வெப்பநிலை இரண்டு கிளிக் தூரத்தில் இருந்தது. கடைசிவரை யாரும் போகவில்லை. மூன்று பேருமே கெட்டிக்காரர்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய அறையில் ஒருவர் எழுந்து எந்தப் பேனல் முன்னால் போய் நிற்கிறார் என்பதைப் பார்த்தாலே என்ன யோசிக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியும், தப்பென்றால் அங்கேயே கேட்பார்கள். இப்போது அவரவர் மேசை, அவரவர் மவுஸ். பக்கத்து நாற்காலிக்காரர் தப்பான பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. அதனால் எந்தப் பக்கத்தை எதற்காகத் திறக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். பச்சையாகத் தெரியும் ஒவ்வொரு வால்வுக் குறிக்கும், இது உத்தரவைக் காட்டுகிறதா, வால்வின் நிலையைக் காட்டுகிறதா என்று கேட்கச் சொல்கிறேன். எண் ஒன்று அசையாமல் நின்றால், நிலையம் நிலைத்திருக்கிறதா, திரைதான் உறைந்துபோயிற்றா என்று கடிகாரத்தையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

அப்புறம், பயிற்சி தொடங்கிக் கால் மணி நேரம் ஆனதும் வெளியிலிருந்து ஒருவரை உள்ளே அனுப்புகிறேன். உள்ளே இருப்பவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: என்ன நடந்தது என்று நீங்கள் நினைப்பதை அவரிடம் சொல்லாதீர்கள், அளவுகளை மட்டும் காட்டுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.