இரண்டாகப் பிளந்த தூண்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உறவினர் வீடு. வளவில் பர்மாத் தேக்குத் தூண்கள், தரையில் ஆத்தங்குடிக் கல். வீட்டைக் கழற்றிப் பிரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் நின்றால் கண்ணுக்கு என்னென்ன தெரியுமோ அத்தனையையும் ஒரே பனோரமா படமாக எடுத்து வைத்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். டிரைபாடில் கேமராவை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முழு வட்டத்துக்குப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். கணினியில் ஒட்டியபோது முற்றத்துக்கு அந்தப் பக்கச் சுவர் பிசிறில்லாமல் சேர்ந்தது. எனக்கு ஒரு மீட்டர் தள்ளி நின்ற தூண் மட்டும், வாளால் வெட்டி ஒரு பாதியை நகர்த்தி வைத்ததுபோல் பிளந்து கிடந்தது.

மென்பொருள்தான் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து இரண்டு நாள் திருத்தினேன். சுவரைப் பொருத்தினால் தூண் உடைந்தது. தூணைப் பொருத்தினால் சுவர் உடைந்தது. இரண்டும் சேர்ந்து பொருந்த வழியே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. தவறு கணினியில் நடக்கவில்லை. தாழ்வாரத்தில், ஷட்டரை அழுத்தும் முன்பே நடந்து முடிந்திருந்தது.

ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கட்டைவிரலை முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, எதிர் வீட்டு ஜன்னல் கம்பி ஒன்றோடு நேராக்குங்கள். விரலை அசைக்காமல் தலையை மட்டும் இடமும் வலமுமாகத் திருப்பிப் பாருங்கள். விரல் கம்பியை விட்டு விலகும். தலை சுழல்வது கழுத்தை அச்சாகக் கொண்டு. கண் இருப்பதோ அந்த அச்சுக்கு முன்னால். ஆகவே தலை திரும்பும்போது கண் திரும்புவதோடு நிற்பதில்லை, இடமும் பெயர்கிறது. அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தப்பும் என்று பள்ளியில் படித்தோமே, அதே இடமாறு தோற்றப் பிழைதான் இது.

ஒட்டும் மென்பொருளுக்கு இதனால் என்ன தொல்லை? கேமரா நின்ற இடத்திலேயே சுழன்றால், பக்கத்தில் உள்ள பொருளும் தூரத்தில் உள்ள பொருளும் படத்தில் ஒன்றாகவே நகரும். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமலே, எல்லாப் படங்களையும் ஒரு கோளத்தின் உட்புறத்தில் சரியாகப் பதித்துவிடலாம். ஜெர்மனியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஹெல்முட் டெர்ஷ் 1998இல் இலவசமாகக் கொடுத்த பனோரமா டூல்ஸும், இன்று பலரும் பயன்படுத்தும் ஹியூஜினும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கின்றன. கேமரா ஓரங்குலம் இடம் பெயர்ந்தாலும் நம்பிக்கை பொய்யாகிவிடும். தூணுக்குப் பின்னால் முதல் படத்தில் மறைந்திருந்த சுவரின் ஒரு கீற்று, அடுத்த படத்தில் வெளியே வந்துவிடும். அதை எந்தக் கணக்காலும் மறுபடி உள்ளே தள்ள முடியாது.

அப்படியானால் கேமராவின் எந்தப் புள்ளி அசையாமல் நிற்க வேண்டும்? படம் பதியும் சென்சார் இருக்கும் இடம் என்று பலர் நினைக்கிறார்கள். கேமராவின் அடியில் உள்ள திருகுத் துளையும் பெரும்பாலும் சென்சாரை ஒட்டியே இருப்பதால், டிரைபாடில் மாட்டினாலே போதும் என்று தோன்றும். கடைக்காரர்களும் கருவிக் கையேடுகளும் ‘நோடல் பாயின்ட்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அந்தப் பெயர் ஒளியியலில் வேறொன்றைக் குறிப்பது. இங்கே தேவையானது அதுவல்ல.

லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முன்பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். ஒளியை அளந்து விடும் துளை வட்டமாகத் தெரியும். ஆனால் அது தெரியும் இடத்தில் துளை உண்மையில் இல்லை. முன்னால் உள்ள கண்ணாடிகள் அதைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ, கொஞ்சம் இடம் மாற்றியே காட்டுகின்றன. அந்தப் பிம்பத்துக்கு நுழைவுப் பாவை என்று பெயர் வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவரின் கண்ணில் நாம் பார்க்கும் கரும்பாவையும் இதே வகைதான்: விழிவெண்படலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டும் பிம்பத்தைத்தான் வாழ்நாள் முழுதும் கண்மணி என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெளியிலிருந்து வந்து படமாக விழும் ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் அந்தப் பாவையை நோக்கியே வருகிறது. லென்ஸ் உலகைப் பார்ப்பது அங்கிருந்துதான். சுழலும் அச்சு அதன் நடுவே செங்குத்தாகப் போனால் தூண் உடையாது.

என் படத்தில் எவ்வளவு தப்பியது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பாவை அச்சுக்கு 8 செ.மீ. முன்னால் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் 30 டிகிரி திருப்பினேன். அப்படித் திருப்பும்போது பாவை 4.1 செ.மீ. பக்கவாட்டில் நகர்கிறது. ஒரு மீட்டர் தூரத்துத் தூணில், 36 மி.மீ. அகலச் சென்சாரும் 24 மி.மீ. குவியத் தூர லென்ஸும் 6000 பிக்சல் அகலப் படமும் என்றால், அந்த நகர்வு சுமார் 165 பிக்சல். பிளவு கண்ணை உறுத்தியதில் வியப்பில்லை. அதே நகர்வு 100 மீட்டர் தள்ளி இருக்கும் பொருளில் இரண்டு பிக்சலைக்கூடத் தொடாது. அதனால் மலை உச்சியில் நின்று பள்ளத்தாக்கை எடுப்பவர் பாவையை அச்சின்மேல் நிறுத்திக் கேமராவைச் சுழற்றும் ‘பனோரமா தலை’ என்ற கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பேன். தூணும் தரையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வீட்டுக்குள்தான் அந்தக் கருவிக்கு வேலை.

கருவி பார்க்க எளிது. அடியில் மட்டம் பார்க்கும் பீடம். அதன்மேல் பாகை குறித்த சுழல்தட்டு. அதில் படுக்கையாக ஒரு கை. கையின் நுனியில் நிமிர்ந்த இன்னொரு கை. அந்தக் கையில் கேமராவை முன்னும் பின்னும் தள்ள ஒரு தண்டவாளம். கேமரா நெட்டுவாக்கில் நிற்கும்.

முதலில் மட்டம். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தின் சிறு வடிவம் பீடத்திலேயே இருக்கும். சுழல்தட்டுக்குக் கீழே மட்டம் பார்ப்பது முக்கியம். சாய்ந்த அச்சில் சுழன்றால் அடிவானம் அலைபோல் ஏறி இறங்கும். டிரைபாடின் கால்களை நீட்டிக் குறைத்தே சரிசெய்யலாம் என்பவர்கள் உண்டு, நேரம்தான் வீணாகும்.

அடுத்தது பக்கவாட்டுச் சரிசெய்தல். நிமிர்ந்த கையில் கேமராவைத் தொண்ணூறு டிகிரி கவிழ்த்து, லென்ஸ் நேரே தரையைப் பார்க்கும்படி வையுங்கள். திரையின் நட்டநடுப் புள்ளி சுழல்தட்டின் மையத் திருகின்மேல் விழ வேண்டும். விழவில்லை என்றால் நிமிர்ந்த கையைப் படுக்கைக் கையில் தள்ளித் தள்ளிப் பொருத்துங்கள். சுழற்றும்போது மையம் மையத்திலேயே நின்றால் இந்த வேலை முடிந்தது.

மூன்றாவதுதான் உயிர்நாடி. கேமராவை நிமிர்த்தி, அரை மீட்டர் முன்னால் ஒரு நூலைத் தொங்கவிடுங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டு இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. நூலுக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு மின்கம்பமோ கோபுரத்தின் விளிம்போ தெரிய வேண்டும். திரையின் வலது ஓரத்தில் நூலும் கம்பமும் எப்படி நிற்கின்றன என்று பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு கேமராவை வலப்பக்கம் திருப்பி, இரண்டையும் இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். நூல் கம்பத்தை விட்டு இடப்பக்கம் நகர்ந்திருந்தால் பாவை அச்சுக்கு முன்னால் இருக்கிறது. தண்டவாளத்தில் கேமராவைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். வலப்பக்கம் நகர்ந்திருந்தால் முன்னுக்குத் தள்ள வேண்டும். முதல் தடவை ஒரு விரற்கடை, அப்புறம் ஒரு நெல் அளவு, கடைசியில் ஒரு மயிரிழை. இரண்டு மில்லிமீட்டர் பிழை மிஞ்சினால்கூட ஒரு மீட்டர் தூரத்தில் நாலு பிக்சல்தான் தப்பும். அதை மென்பொருள் மறைத்துவிடும்.

நிலைத்த இடத்தைத் தண்டவாளத்தில் குறித்து வையுங்கள். ஜூம் லென்ஸில் ஒவ்வொரு குவியத் தூரத்துக்கும் பாவை இடம் மாறும். பயன்படுத்தும் குவியத் தூரங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறி வேண்டும். மீன்கண் லென்ஸ்களில் பார்க்கும் கோணத்துக்கு ஏற்பவும் பாவை நகரும். எனவே படங்கள் ஒன்றோடொன்று சேரும் கோணத்தில் சோதிக்க வேண்டும்.

மற்றவை சீக்கிரம் சொல்லி முடியும். 24 மி.மீ. லென்ஸ் நெட்டுவாக்கில் 53 டிகிரி அகலம் பார்க்கும். 30 டிகிரிக்கு ஒரு படம் என்றால் பன்னிரண்டில் வட்டம் முடியும், ஒன்றின்மேல் ஒன்று நன்றாகவே படியும். எக்ஸ்போஷர் (ஒளியின் அளவு), வெண்சமநிலை (வண்ணச் சாயல்), குவியம் மூன்றையும் கையால் நிலைநிறுத்திவிடுங்கள். எஃப் 8 துளையில் 2.4 மீட்டரில் குவியம் வைத்தால் 1.2 மீட்டர் முதல் தொலைவு வரை தெளிவாக இருக்கும். கூரையும் தரையும் வேண்டுமானால் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை.

கைபேசி மட்டும் உள்ளவர்களுக்கும் இந்த இயற்பியல் மாறாது. கையை நீட்டிக்கொண்டு உடம்பைத் திருப்பினால் கைபேசி அரை வட்டம் வீசிப் போகிறது. லென்ஸுக்குக் கீழே ஒரு நூலில் சிறு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, தரையில் ஒரு நாணயத்தை வைத்து, குண்டு நாணயத்தை விட்டு விலகாமல் நீங்கள் கைபேசியைச் சுற்றி நகருங்கள். பாதித் தூண்களாவது பிழைக்கும்.

இந்தமுறை தண்டவாளத்தில் குறி வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். மூன்று வரிசை, முப்பத்தாறு படங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூக்கோடுகள்தாம் மிகக் கடுமையான நீதிபதி. ஒரு கல்லின் விளிம்பு அடுத்ததோடு ஒரு நூல் விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். எங்கும் விலகவில்லை. அந்தத் தூண் உச்சிப் போதிகை முதல் அடிக்கல் வரை முழுசாக நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கினால், பிரிக்க வந்தவர்கள் அதன் கால் பகுதியில் சாக்குக்கட்டியால் எழுதிய எண்ணும் தெரிகிறது: 7.