வியர்க்கும் பானை, வியர்க்கும் போத்தல்

கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில்தான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வயல் வாடிகளின் மண்பானைத் தண்ணீர் மிக நன்றாகக் குளிரும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கும்போது சூடேறி, வறண்டுபோய் எங்களிடம் வந்து சேரும் காற்று அது. பானையின் நுண்துளைகளில் கசியும் நீரைக் கண்டதும் உறிஞ்சிவிடும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 யூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பங்கு பானைக்குள் இருக்கும் நீரிலிருந்தே போகிறது. அரை லீற்றர் நீரை ஒரு பாகை குளிராக்க அவ்வளவு போதும்.

சிறுபோக அறுவடைக்கு நான் ஐஸ் போட்டு எடுத்துப்போன, குளிரைக் காக்கும் வெற்றிட உருக்குப் போத்தலும் வியர்த்தது. மச்சான் அதைத் தடவிப் பார்த்து, "நல்ல குளிர்" என்று மெச்சினார். பானை வியர்த்தால் வேலை செய்கிறது என்று பொருள். போத்தல் வியர்த்தால் அது செத்துவிட்டது என்று பொருள். பானையின் வியர்வை உள்ளேயிருந்து வருவது. போத்தலின் வியர்வையோ வெளிக்காற்றின் ஈரம். 30 பாகை வெப்பமும் 75 வீத ஈரப்பதனும் உள்ள வாவிக்கரைக் காற்றில், 25 பாகைக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் பனி படியும். நல்ல போத்தலின் வெளிச்சுவர் அவ்வளவு குளிராது. என்னுடையது குளிர்ந்தது என்றால், உள்ளிருந்த குளிர் வெளியே ஒழுகியிருக்கிறது. (வெப்பம் உள்ளே போகிறது என்பதே சரியான பேச்சு. வயலில் நின்று அப்படிப் பேசினால் சிரிப்பார்கள்.)

இந்தப் போத்தலுக்கு இரண்டு சுவர்கள். இடையிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து மூடிவிடுகிறார்கள். காற்று இல்லாததால் வெப்பக் கடத்தலும், காற்றின் ஓட்டத்தோடு வெப்பம் நகரும் மேற்காவுகையும் அங்கே ஏறக்குறைய நின்றுபோகின்றன. ஆனால் வெப்பம் கதிராகப் பாயும் கதிர்வீசல் வெற்றிடத்தையும் கடக்கும். அதைத் தடுக்கச் சில போத்தல்களின் உட்சுவரில் மெல்லிய செப்புப் பூச்சு இருக்கிறது. திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்க 1892இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டூவார் கண்ணாடியில் செய்த குடுவைதான் இதற்கு முன்னோடி. வீட்டிலிருந்த பழைய சுடுதண்ணீர்ப் போத்தல் அதன் நேர்வாரிசு, விழுந்தால் தூள்தான்.

உருக்கு விழுந்தால் உடையாது, ஆனால் நசுங்கும். வெற்றிடத்தைச் சுற்றி நிற்கும் வெளிச்சுவரை வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது. தட்டையான சுவர் குழிந்துவிடும் என்பதால்தான் இவை உருளையாக இருக்கின்றன. மோட்டார் சைக்கிளிலிருந்து கிரவல் வீதியில் விழுந்து நசுங்கிய சுவர், உட்சுவரைத் தொட்டால் வெப்பத்துக்குக் குறுக்குவழி கிடைத்துவிடும். அடியிலுள்ள அடைப்பு விரிசல் விட்டால் காற்றே உள்ளே புகுந்துவிடும்.

வாங்கிய அன்றே கொதிநீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கழுத்தருகே சற்றுச் சுடலாம், அது இயல்பு. உடல் சுட்டால் திருப்பிக் கொடுங்கள். நான் இதைச் செய்யவில்லை. வரும்போதே பழுதா, நான் கீழே போட்டதில் பழுதா என்று கடைக்காரரிடம் வாதாட வழியில்லாமல் போயிற்று.

கழுத்து ஏன் சுடுகிறது? இரு சுவர்களும் அங்கேதான் சேர்கின்றன. கறையில் (துருப்பிடிக்காத) உருக்கு வெப்பத்தை மந்தமாகக் கடத்தும். அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கடத்தும். ஆகவே ஒடுங்கிய வாயும், உள்ளே காற்றோ நுரையோ அடைத்த தடித்த மூடியும் குளிரைக் காக்கும். அகன்ற வாய் ஐஸ் போடவும் கழுவவும் வசதி. எனக்கு அகன்ற வாய்தான் பிடிக்கும். கழுவ முடியாத போத்தலில் எத்தனை மணி நேரம் குளிர் நின்றால் என்ன? அடியில் 304 அல்லது 18/8 என்று பொறித்திருந்தால் 18 வீதக் குரோமியமும் 8 வீத நிக்கலும் சேர்ந்த உருக்கு. அதிலும் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரை நாட்கணக்கில் விடவேண்டாம், குழி விழும்.

உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்கு யாத்திரை நடப்பவர்களுக்கு இந்தப் போத்தலை எடுத்துப்போக நான் சொல்லமாட்டேன். அங்கே சுமக்கும் ஒவ்வொரு கிராமும் தண்ணீராக இருக்கவேண்டும். இரட்டைச் சுவர் உருக்குக்கு எடை அதிகம்.

நசுங்கிய போத்தலை எறியவில்லை. மூடியின் சிலிக்கோன் வளையம் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. இப்போது அதற்குள் இருப்பது வறுத்த கச்சான் கடலை.